பாலக்கோட்டில் சோப்பு நுரை

பாலக்கோடு சந்தைத் திடல் ஓரமாக எங்கள் வேனை நிறுத்தியிருக்கிறேன். பின்னால் மகள் தூங்கும் பலகைக்கு அடியில் கேஸ் சிலிண்டர். ரெகுலேட்டரை மாட்டியது நான்தான். காலையிலிருந்து ஏதோ நாறுகிறது என்கிறாள் மனைவி. அழுகின தக்காளிதான் என்று சொல்லிவிட்டு சிகரெட் பற்றவைக்கிறேன்.

டயருக்குக் காற்றடிக்க வந்த சைக்கிள் கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"உள்ள எங்கியோ காத்து போவுதுங்க."

பஞ்சர் பார்க்கிற சோப்பு நுரையை எடுத்துவந்து ரெகுலேட்டரைச் சுற்றித் தடவுகிறார். குமிழ் குமிழாகப் பொங்குகிறது. சிகரெட்டைத் தூர வீசிவிட்டு ஓடிப்போய் சிலிண்டரை மூடுகிறேன். மனைவி மகளை வாரிக்கொண்டு இறங்குகிறாள்.

"தக்காளி நாத்தம்னு நினைச்சேங்க" என்கிறேன் கடைக்காரரிடம்.

"சந்தை நாளைக்குத்தானுங்க. இன்னிக்கு ஏதுங்க தக்காளி?"

திடல் சுத்தமாகக் காலி. சட்டைப்பையில் கை போகிறது. காலையில் வாங்கிய தீப்பெட்டியில் பாதிக் குச்சி இல்லை.