கொப்பளித்துத் துப்பிய சாட்சியம்

சுரங்க வாசலில் ஒருவரிடம் சந்தேகத்துக்குரிய பொடி அகப்பட்டால், அதை அவர் கண்முன்னே முத்திரையிட்டு அன்றே சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். தங்கம் இல்லையென்றால் ஆளை அன்றே விட்டுவிட வேண்டும். இது பதினொன்றாம் விதி. அதை நான்கு முறை நகலெடுத்தவன் நான்.

ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, இரவு ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பல் துலக்குவதில்லை. லைன் வீடுகளில் ஒரு வரிசைக்கு ஒரே குழாய். ஆகவே ஆட்களை மேலேற்றும் கூண்டான கேஜிலிருந்து இறங்கியதும், ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியருகே இருந்த தண்ணீர்த் தொட்டியிலேயே துலக்கிவிடுவார்கள். ஆளுக்கொரு பொட்டலம் உமிக்கரி, உப்பு கலந்தது, இடுப்பில் இருக்கும்.

ஜூலை முதல் திங்களன்று தொட்டி வறண்டு கிடந்தது. மற்றவர்கள் வெறும் பொடியை வாயில் போட்டுத் தேய்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் ஒழுங்கானவர். தண்ணீரில்லாமல் பல் துலக்கமாட்டார். அவருடைய பொட்டலம் பிரிக்கப்படாமலே வாசலுக்கு வந்தது.

"இன்னாய்யா இது?" என்றார் காவலாளி.

"பல்பொடிங்க."

"பல்பொடி மின்னுமா?"

"உப்பு மின்னுங்க. ஊட்ல வந்து பாருங்க, உப்புப் பானையே மின்னும்."

காவலாளி அவரைச் சுரங்க மேலாளரான வெள்ளைக்காரத் துரையிடம் அழைத்துப் போனார். மொழிபெயர்க்க நானும் போனேன். பல்பொடி என்றால் துலக்கிக் காட்டட்டும் என்றார் துரை. நான் பதினொன்றாம் விதியை நினைவூட்ட வாயெடுத்தேன், துரை கையமர்த்தினார்.

ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. அந்த மனிதர் வலக்கை ஆள்காட்டி விரலில் கரியைத் தொட்டு, இடது கடைவாயில் தொடங்கி, மேலிருந்து கீழாக, ஒரு பல்லையும் விடாமல் தேய்த்தார். பிறகு உட்புறம். பிறகு ஈறு. மூன்று முறை கொப்பளித்து, ஜன்னலுக்கு வெளியே துப்பினார். முறையில் குறை சொல்ல இடமில்லை. பொட்டலமும் காலி.

சோதனைச்சாலை ஆள் முத்திரை அரக்கோடு வந்து, "பொடி எங்கே?" என்றார்.

"துப்பிட்டேங்க. மிச்சம் வச்சா சந்தேகப்படுவீங்கன்னு பூராவும் தேச்சிட்டேன்."

பொருள் இல்லாததால் விதிப்படி விடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. துரை சீமையிலிருந்த கம்பெனித் தலைமைக்கு எழுதினார். பதில் வரும்வரை அந்தத் தொழிலாளி சுரங்கத்தில் இறங்கக் கூடாது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஏழு நாளில் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அவருக்கு மனைவியும் மூன்று பெண்களும். நான் பதிவேட்டில் 'நீக்கம்' என்று எழுதவில்லை. 'பதில் நிலுவை' என்று எழுதினேன். வீடுகளைக் கவனிக்கும் லைன் மேஸ்திரி வாரந்தோறும் காலி செய்யச் சொல்லி வருவார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போவார்.

மனைவி செங்கல் சூளை வேலைக்குப் போனார். கணவர் தினமும் காலையில் என் மேசை முன் வந்து நிற்பார்.

"ஐயா, சீமைக்காரங்க இன்னா சொன்னாங்க?"

"கப்பல் வரணும்பா. பல்லெல்லாம் துலக்கினியா?"

"வேப்பங்குச்சிதாங்க இப்போ. கரியத் தொட்டா பொண்டாட்டி அடிக்க வர்றா."

கடைசியில் கடிதம் வந்தது. மூன்று வாக்கியங்கள். பதினொன்றாம் விதியைப் பின்பற்றாதது ஏன்? ஆளை உடனே வேலைக்கு எடுக்கவும். மீதிப் பொடியை முத்திரையிட்டு அனுப்பவும்.

நடு வாக்கியத்தை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பிற்பகல் ஷிப்டிலேயே இறங்கினார். நான் பதிவேட்டை எடுத்து, 'பதில் நிலுவை'யை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதியை எழுதினேன்: நவம்பர் இருபத்தேழு.