பஸ்ஸில் சொன்ன மாதா பிரார்த்தனை

எண்பதுகளில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தையல் வேலைக்குப் போய்வந்தேன். வீட்டில் ஜெபிக்க நேரமிருக்காது. அதனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மாதா பிரார்த்தனையை மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். யாருக்காவது தெரிந்தால் வெட்கத்தில் செத்தே போவேன். கோயிலில் இந்தப் பிரார்த்தனையின்போது ஒருவர் மாதாவின் பெயர்களை இழுத்து இழுத்துச் சொல்ல, நாங்கள் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம்.

ஒருநாள் அதே ராகத்தில் கண்டக்டர் படியில் நின்று, "கூட்டேரிப்பட்டு!" என்று கூவினார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றேன், சத்தமாக.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"விக்கிரவாண்டி!" என்றார் கண்டக்டர், என்னையே பார்த்து. பதில் வாயில் வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் மல்லாட்டைக் கடலைக் கூடையோடு இருந்த அம்மாள் என்னை இடித்தாள். "ஏம்மா, நான் விக்கிரவாண்டி. எங்க ஊரு இன்னா பாவம் பண்ணிச்சி?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிப்போடு விக்கிரவாண்டிக்கும் சொன்னேன். "முண்டியம்பாக்கம்!" என்றபோது பின்சீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். விழுப்புரம் வரை வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் வண்டி கிளம்ப மறுத்தது. கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார். "அக்கா, டிரைவரு பேஜாராயிட்டாரு. ஜல்தியா ஆரம்பிங்க."

அன்று வாய்விட்டே ஆரம்பித்தேன்.