ஐந்து மாதத் துரு

தையல் கடையில் கீழே சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்க ஒரு காந்தம் வைத்திருந்தேன். பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, உள்ளங்கை அகலம் இருக்கும். 2005 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, என் கணவர் வாங்கப்போவதாகச் சொன்ன பழைய ஜீப்பைப் பார்க்க அவரோடு கிளம்பினேன். அந்த வண்டியில் என்னென்ன கோளாறு உண்டோ அத்தனையையும் தோண்டி எடுத்து, வியாபாரத்தைக் கெடுத்துவிடுவதுதான் என் திட்டம். அவருக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மஸ்கட்டில் ஒரு கராஜில் மெக்கானிக். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது எல்லாம் சேர்த்து எட்டு மாதம் தேறாது. முந்தைய டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. நான் இருக்கிறேனா இல்லையா என்றே தெரியாமல் அங்கே தவித்திருக்கிறார். மூன்றாம் நாள் லைன் கிடைத்து நான் ஹலோ என்றதும் அழுதுவிட்டார். நான் அவரைத் திட்டினேன். எதற்குத் திட்டினேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஜூனில் லீவில் வந்தார். வந்த நாளிலிருந்து, போகாதீங்க என்று சொல்ல வாயெடுப்பேன், விழுங்கிவிடுவேன். போகவில்லை என்று அவரும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செல்லாது. செப்டம்பர் கடைசிக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. இந்த லட்சணத்தில்தான் ஜீப் பேச்சு.

"ஒரு மாசத்துல ரெடி பண்ணிடுவேன். ஒரு டிரைவரைப் போட்டு குயிலாப்பாளையம் பக்கம் டூரிஸ்ட்டுங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டுப் போறேன். உனக்கும் ஒத்தாசையா இருக்கும்ல" என்றார்.

ஒத்தாசையாம்! புருஷனுக்குப் பதில் ஒரு ஜீப். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வண்டி நன்றாக அமைந்துவிட்டால் இந்த மனிதர் நிம்மதியாக விமானம் ஏறிவிடுவார். காந்தம் எடுத்துப்போனது அதற்காகத்தான்.

ஜீப் ஓர் உப்பளத்துக் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. வண்டிக்காரர் அந்த உப்பளத்தின் குத்தகைக்காரர், அறுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி. எங்களைப் பார்த்ததும் பானெட்டைத் துண்டால் தட்டிவிட்டார்.

"நாலு வீலும் இழுக்கும்பா. மழையில வரப்பு மேலயே ஏறிப் போவும். லாரி மாட்டிக்கிச்சின்னா இதான் வந்து இழுக்கும்."

"போன டிசம்பர் தண்ணியில நின்ன வண்டியாங்க?" என்று கேட்டேன். அந்த வருடம் சைக்கிள் வாங்கப் போனாலும் எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள்.

"ஐயோ, இல்லம்மா. தண்ணி இந்தாண்ட வரவே இல்ல. இது எல்லாம் உப்புக் காத்து தின்னது."

அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். என் அப்பா உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி பார்வைக்குப் பெயின்ட்டோடு கெட்டியாகத்தான் இருக்கும். விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

என் கணவர் முதலில் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, எண்ணெயை விரலிடுக்கில் தேய்த்து மோந்து பார்த்தார். பிறகு ஸ்டார்ட் செய்தார். மூன்றாவது முறையில் பிடித்தது. கறுப்பாகப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது.

"இன்ஜின் நல்லா இருக்குது" என்றார்.

முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. "இது மாத்தணும். பத்து நாள் வேலை" என்றார். பத்து நாள் எனக்குப் போதவில்லை. காந்தத்தை எடுத்தேன்.

பானெட்டில் டக்கென்று ஒட்டியது. பின்பக்க மட்கார்டில் வைத்தால் வழுக்கிக்கொண்டு என் காலடியில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தேன், அங்கேயும் விழுந்தது. "இங்க இரும்பே இல்லீங்க. வெறும் பட்டி பூசி பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றேன், ஊருக்கே கேட்கிற மாதிரி. வண்டிக்காரர் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். பெரிய ஓட்டை, அதன் வழியே மண் தரை தெரிந்தது. நான் பார்க்கும்போதே ஒரு சின்ன நண்டு அந்த ஓட்டைக்கு நேர் கீழே குறுக்கே ஓடியது.

"ஃப்ளோரும் மட்கார்டும் வெட்டிட்டுப் புதுசு போடணும். அது ஒரு மாசம்" என்றார் என் கணவர், நண்டைப் பார்த்தபடி.

பிறகு நாலு சக்கரத்தையும் சேர்க்கிற சின்ன லீவரைப் பிடித்து இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். அது அசையவில்லை.

"நாலு வீலும் இழுக்கும்ன்னீங்களே ஐயா?"

"இழுத்துச்சிப்பா" என்றார் வண்டிக்காரர். "ஆறேழு வருஷமா தேவைப்படல."

"கீழ எல்லாத்தையும் எறக்கிப் பாக்கணும். அது ஒரு மாசம்."

பத்து நாள், ஒரு மாதம், இன்னொரு மாதம். மனதுக்குள் கூட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவர் இதை வாங்கினால் வேலை முடிய செப்டம்பர் கடைசி தாண்டிப் போய்விடும். இவ்வளவு நேரம் நான் எதிரி என்று நினைத்த ஜீப் என் கட்சியில் இருந்தது. ஆனால் ஒன்று, இதற்கு மேல் ஏதாவது வந்தால் வேண்டவே வேண்டாம் என்று எழுந்துவிடுவார். இனி வாயைத் திறக்கக்கூடாது என்று காந்தத்தைப் பையில் போட்டேன்.

கை சும்மா இருந்தால்தானே! பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, வண்டியின் எடை முழுவதையும் தாங்குகிற சேசிஸைத் தடவிப் பார்த்தேன். கறுப்புப் பெயின்ட் தடிமனாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொன்னால் இவர் இதை வாங்கமாட்டார், அடுத்த மாதம் போய்விடுவார். சொல்லாவிட்டால் யாரோ பெற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது இது நடுரோட்டில் இரண்டாக உட்கார்ந்துவிடும். நான் கெட்டவள்தான், ஆனால் அவ்வளவு கெட்டவள் இல்லை. எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க" என்றேன்.

அவர் வந்து பார்த்தார். பதறவில்லை. "அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்குது. போன வாரம் தனியா வந்தப்பவே பாத்துட்டேன்" என்றார்.

வண்டிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு முகம் சிறுத்துப்போனார். "வேணாம்பா தம்பி. இவ்ளோ மோசம்னு எனக்கே தெரியாது. காயலான் கடைக்குப் போட்டுடறேன்."

"சேசிஸ் வேலை ரெண்டரை மாசம் புடிக்கும்" என்றார் என் கணவர். பேசியது வண்டிக்காரரிடம், பார்த்தது என்னை. "எல்லாம் சேத்து அஞ்சு மாசத்துக்குக் கொறையாது."

ஆகஸ்டிலிருந்து ஐந்து மாதம் என்றால் ஜனவரி. டிசம்பரில் விசா முடிகிறது.

"ஒரு மாசம்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன்." தலைமயிரில் உதிர்ந்திருந்த துருவைத் தட்டிவிட்டார். என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, பார்த்தார். "இப்ப நீ இன்னா சொல்ற?"

இரண்டு மாதமாக நான் சொல்ல முடியாததை அவரும் சொல்ல முடியாமல்தான் என்னை ஓர் ஓட்டை ஜீப்பின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். எழுந்து, படுதா கட்டுகிற மேல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அந்த வண்டியிலேயே அது ஒன்றுதான் உறுதியாக இருந்தது.

"இதுவும் துருதாங்க" என்றேன். "இதுக்கும் ஒரு மாசம் சேத்துக்குங்க."