எதிர்ப்பக்கம் உட்கார்ந்த அண்ணி

என் அண்ணி யோக்-குவான் வேலை பார்த்த ஆயத்த ஆடை ஆலையை இழுத்து மூடிய வருஷம்தான் சீனாவின் மக்காவு நகரில் புதுப்புது காசினோக்கள் முளைத்தன. எல்லை வாசலிலிருந்து இலவச பஸ் விட்டார்கள். ஏறினால் தண்ணீர் பாட்டிலும் கூப்பனும் கையில் திணிப்பார்கள். கூப்பனை நீட்டினால் ‘மண் சில்லு’ என்று ஒரு சூதாட்ட வில்லை தருவார்கள். பேருக்குத்தான் அது காசு. கவுண்டரில் மாற்ற முடியாது. பந்தயம் வைத்து ஜெயித்தால்தான் நிஜச் சில்லு வரும். ஊரில் பாதிப் பேர் அங்கேதான் தோற்றார்கள்.

என் அண்ணன் தாக்-மெங் ஏசி ரிப்பேர்காரன். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவன். பாங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம் பிரித்துப் பந்தயம் கட்டும் சீட்டாட்ட மேஜையருகே, மண் சில்லோடு திருதிருவென்று முழித்தவனிடம் யோக்-குவான் அவளாகவே வந்து பேசினாளாம்.

"நீங்க பாங்கர்ல வைங்க, நான் பிளேயர்ல வைக்கிறேன். யாரு ஜெயிச்சாலும் ஆளுக்குப் பாதி."

"ஜெயிச்சுட்டு நான் ஓடிட்டா?"

"உங்க மூஞ்சியப் பாத்தா அந்தச் சாமர்த்தியம் இருக்கற மாதிரி தெரியல."

பங்கு பிரித்து இருவரும் பன்றிக்கறிக் கஞ்சி குடித்தார்கள். மறுநாளும் அதே பஸ். சொந்தக் காசில் ஒரு பட்டாக்கா நாணயம்கூட மேஜை ஏறியதில்லை. கூப்பன் தீர்ந்தால் எழுந்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இரண்டு பேரும் பஸ்ஸுக்குப் புறப்படும் கலகலப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அப்படிச் சிரித்த வீடு எங்கள் தெருவில் வேறில்லை.

கூப்பன் நின்றது. அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. நடந்தால்தான் கால் திரும்பும், இல்லாவிட்டால் நாற்காலிதான் கதி என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணனோ மூன்றாம் மாடியை விட்டு இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். அண்ணி கெஞ்சினாள், திட்டினாள், சாப்பாட்டை வாசலில் வைத்துக்கூடப் பார்த்தாள். அவன் போனைத் தடவிக்கொண்டு கிடந்தான்.

போன வாரம் நான் போயிருந்தபோது அவன் முகத்தில் பழைய களை.

"குவான், இங்க பாரு. ஆன்லைன் காசினோவாம். ஆயிரம் போட்டா வரவேற்புப் பணம்னு இன்னொரு ஆயிரம் தர்றான். படியிறங்கவே வேண்டாம்!"

படியிறங்க வேண்டாம் என்றதும் அண்ணியின் முகம் செத்துப்போனது. ஆனாலும் சண்டை போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இதுவும் மண் சில்லுதான். ரெண்டாயிரத்தையும் நாப்பது தடவை பந்தயத்துல உருட்டணுமாம், அப்புறம்தான் எடுக்க விடுவான். அதுக்குள்ள உங்க ஆயிரமும் கரைஞ்சிடும்."

"அதுக்குத்தான் நம்ம வழி இருக்கே. நான் பாங்கர், நீ பிளேயர்."

"ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குதானாம். ஒரே வீட்லேர்ந்து எதிரெதிரா வச்சா ரெண்டு பேர் காசையும் முடக்கிடுவானாம்."

"அப்ப நீ?"

"பக்கத்துல உக்காந்து உங்களுக்கு விசிற வேண்டியதுதான்."

நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தான்.

"நீ எதிர்ல இல்லாம எனக்கு எதுக்குடி அந்த ஆட்டம்?" என்றான். பிறகு என்னிடம், "ஏய், அந்த ஊன்றுகோல எடு. பஸ் இன்னும் ஓடுதில்ல?"

"கூப்பன்லாம் இப்ப தர்றதில்லண்ணே."

"உன்ன யாரு கேட்டா?"

அண்ணி குனிந்து அவனுக்குச் செருப்பை மாட்டினாள். வார் மாட்டிய பிறகும் தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"எழுந்திரு, பஸ் போயிடும்" என்று அதட்டினான் அண்ணன். அதட்டிக்கொண்டே முதல் படியில் காலை வைத்தான்.