ஏழாவது பெயர்

பாட்டில் கித்தார் வேகமெடுக்கும் இடத்தில் ஆறு பெயர்கள்தான் வர வேண்டும். பொலும்பு விரல்விட்டு எண்ணினாள். ஏழு வந்தது.

கின்ஷாசாவில் பெயர் கூவாத பாட்டு கிடையாது. கைகொடுத்த வியாபாரி, கார் அனுப்பிய அதிகாரி என்று யாரையாவது புகழ்ந்தே ஆக வேண்டும். அதற்கென்றே குழுவில் ஓர் ஆள் இருப்பான். அவள் குழுவில் அது ரேடியோ. வாய் ஓயாததால் வந்த பட்டப்பெயர். ஆறு பெயர்களையும் தாளில் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். "கியாலா மத்தோண்டோ, லெம்பாவின் வைரமே!" என்பது அந்தத் தாளில் இல்லை.

"யாருடா இந்தக் கியாலா?"

"இருக்காருக்கா ஒருத்தரு." ரேடியோ மரவள்ளி உருண்டையின் இலையைப் பிரித்துக்கொண்டே சொன்னான்.

"என்ன பண்றாரு?"

"பாட்டுலதான் இருக்காரு."

"அப்போ எவனோ தயாரிப்பாளருக்கு என் பாட்டை வித்துட்ட."

"விக்கிறவன் உங்க காரமில்லாத மீனைத் தின்னுட்டு இங்க ஏன்க்கா கெடக்கப்போறேன்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வயதில் வேறொரு குழுவில் பின்பாட்டுக்காரியாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் பாடியவள். அவள் கட்டிய மூன்று பாட்டுகளை அந்தக் குழுத்தலைவர் தன் பெயரில் பதிவு செய்துகொண்டார். மத்தோங்கேயின் மதுக்கடைகளில் அவை இன்றும் ஒலிக்கின்றன. என்னுடையது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரன் அவளுக்கு இன்னொரு பீர் வாங்கிக் கொடுத்தான், பாவப்பட்டு.

அதன்பிறகுதான் பண்டால் பகுதியில் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இரண்டு அறை பிடித்து, எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, தயாரிப்பாளரானாள். ஒன்பது பேரைப் பாட வைத்தாள். பாட்டு வெளிவரும்வரை யாரையும் நம்பவில்லை. ஏமாந்ததால் வந்த புத்தியா அது, அல்லது வெறும் பழக்கமா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டதுமில்லை. இந்தப் பத்தாவது பாட்டுதான் அவளே கட்டி, அவளே பாடி, அவளே தயாரித்தது. இதையும் ஒருவன் கொண்டுபோனால் இனிமேல் பாடத் தெம்பிருக்காது.

அந்தக் கியாலா முந்திப் பதிந்துவிடக்கூடும். மறுநாள் காலையிலேயே பாட்டுரிமைப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். பாடியவர்கள் எல்லோருடைய வாக்காளர் அட்டை நகலும் வேண்டும். ரேடியோ மட்டும் உறையில் வைத்து ஒட்டிக் கொடுத்தான்.

"எதுக்குடா ஒட்டியிருக்க?"

"போட்டோல அசிங்கமா இருக்கேன்க்கா."

அலுவலகப் பெண் உறையைக் கிழித்து, நகலைப் பார்த்து, பட்டியலைப் பார்த்தாள். "கியாலா மத்தோண்டோன்னு யாரும் இதுல இல்லையேம்மா."

பொலும்பு நகலைப் பிடுங்கினாள். ரேடியோவின் முகம்தான். நிஜமாகவே அசிங்கமாகத்தான் இருந்தான்.

எட்டு வருடமாக அவனை ரேடியோ என்றே கூப்பிட்டிருக்கிறாள்; பட்டியலிலும் அப்படியே எழுதியிருந்தாள். படிவத்தைப் பார்த்தாள். சொல், இசை: பொலும்பு. அந்தப் பல்லவியை ஒரு மழை நாளில் முதலில் பாடியது யார்? அவன் சும்மா முனகினான், பாட்டாக்கியது நான்தான் என்று அவள் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். குழுத்தலைவரும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பாரோ?

"சீக்கிரம்மா, பின்னால ஆள் நிக்குது."

திரும்பினாள். வரிசையின் கடைசியில், தூணுக்குப் பின்னால், ரேடியோவின் மஞ்சள் சட்டை தெரிந்தது.

"நீ இங்க என்னடா பண்ற?"

"சும்மாதான்க்கா. இந்தப் பக்கம் ஒரு வேலை."

"வா இங்க. உம் பேரை எழுதப்போறேன்."

"எங்க? பாடுனவங்களோடயா?"

"மேல. என் பேருக்குப் பக்கத்துல."

எழுதினாள். அவன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தான். முத்திரை விழும்வரை இமைக்கவில்லை. பிறகு அலுவலகப் பெண்ணிடம், "எனக்கு ஒரு நகல் வேணும்மா" என்றான்.

பொலும்புவுக்குச் சுருக்கென்றது. குழுத்தலைவர் பதிந்த அன்று தானும் இப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

"எனக்கும் ஒண்ணு" என்றாள்.