கைக்கு எத்தனை மணிக்கு விடியும்?

உறையூர் ராஜாமணிக்கு அநியாயம் செய்தது நான்தான். விரல் மடங்காமல் தவித்தவளை, அவள் மாமியார் முன்னாலேயே, "ஒன்றுமில்லை" என்று மசியால் எழுதிவிட்டு வந்தேன்.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் தொழில். ஜனத்தொகைக் கணக்கு எடுத்தவர்கள், ரேஷன் கார்டு சரிபார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது ஒன்று, வீட்டார் காதில் விழுவது வேறொன்று. இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றை நாம் எழுதிக்கொள்வோம். மேலே இருக்கிறவர் அதைக் கூட்டிப் பார்த்து, இதுதான் உண்மை என்பார்.

விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைக்கும்வரை திருச்சியில் ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டுகள் வீங்கிக் கோணிப்போகிற வாத நோயை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அது நம் பக்கத்துப் பெண்களுக்கு எப்படித் தொடங்குகிறது என்று யாரும் எழுதி வைத்ததில்லையாம். வெள்ளைக்காரியின் முழங்காலைப் படித்துவிட்டு நம் ஊர் முழங்காலுக்கு மருந்து எழுதுகிறார்கள் என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "வாதத்தை ஆராய டவுனுக்குப் போவானேன்? நம்மாத்திலேயே ஒண்ணு நாள் பூரா வாய் ஓயாம நடமாடிண்டிருக்கே!"

ஏழாம் கேள்வி

எங்கள் படிவம் வெளிநாட்டில் பிறந்தது. இந்த நோயின் முதல் அடையாளம், தூங்கி எழுந்ததும் மூட்டுகள் கட்டை மாதிரி இறுகிக் கிடப்பது. நேரம் ஆக ஆகத்தான் இளகும். அதைக் கேட்பதுதான் ஏழாம் கேள்வி. டாக்டருக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியர் அதை அழகாக மொழிபெயர்த்துத் தந்திருந்தார்: "காலையில் எழுந்ததும் சோம்பல் உண்டா? எவ்வளவு நேரம்?" வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் கேள்வியே வேண்டாம், ரத்தம் எடுத்துவிடுவோம். தெரியாதபோது இந்த ஏழாம் கேள்விதான் நீதிபதி. 'ஆம்' என்றால் ரத்தப் பரிசோதனையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் கிடைக்கும். 'இல்லை' என்றால் பெயரை எடுத்துவிட வேண்டும்.

ராஜாமணிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். புருஷன் சண்முகம் நெசவு. அவன் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்க, ஊடை நூலை ராட்டையில் போட்டுக் குச்சியில் தார் சுற்றித் தருவது அவள் வேலை. நாங்கள் போனது பதினொரு மணிக்கு. விரல்களில் வீக்கம் இல்லை. ராட்டை கிறுகிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். நானும் கிளிப்பிள்ளை மாதிரி, "காலையில் சோம்பல் உண்டா?" என்றேன். ராஜாமணியின் முகம் சிவந்தது. மாமியாரைப் பார்த்தாள். "இல்லீங்க. சத்தியமா இல்லீங்க" என்றாள். 'இல்லை' என்று எழுதி உரக்கப் படித்தும் காட்டினேன். படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.

மாமியார் தறிப்பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கடா சண்முகம்! ஆஸ்பத்திரிப் பொண்ணே எழுதிருச்சு, உன் பொண்டாட்டி ஒடம்புக்கு ஒண்ணுமில்லையாம். பங்குனி முடியட்டும், அவ ஆத்தா வீட்டுல கொண்டு விட்டுட்டு வா. காலையில ஒளுங்கா தார் சுத்துற கை நமக்குக் கெடைக்காமயா போயிரும்?"

ஆட்டின் சம்மதம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியிலேயே செங்கமலம் மாமிக்கு விரல் கணுக்கள் எல்லாம் இலந்தைப் பழம் மாதிரி வீங்கியிருந்தன. அவரிடமும் ஏழாம் கேள்வியைக் கேட்டேன். "நான் விடியக்கால விஸ்வரூப சேவைக்குக் கோவிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறேன்னு வீதியிலே யாரையாவது கேளுடி. எனக்கா சோம்பல்?" என்று சீறினார். வீக்கம் கண்ணுக்குத் தெரிந்ததால் பிழைத்தேன். ரத்தம் எடுக்க எங்கள் லாப் டெக்னீஷியன் சேவியர் ஊசியோடு வந்து நின்றார்.

அவருக்கு ஒளிவுமறைவு தெரியாது. மாமி, "எடுத்துண்டு போய் என்ன பண்ணுவேள்?" என்று கேட்டதும், உள்ளதைச் சொல்லிவிட்டார். ரத்தத்தை உறைய விட்டு, மேலே தெளிந்து நிற்கிற நீரை எடுத்து, பக்குவம் செய்த ஆட்டு ரத்த அணுக்களோடு சேர்ப்போம். இந்த நோய் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாமி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விஞ்ஞானம், லோக க்ஷேமம் என்று அரைமணி நேரம் வாதாடினேன். கடைசியில் கையை நீட்டினார், முகத்தை மட்டும் என் பக்கம் வைத்துக்கொண்டு: "நான் சம்மதிக்கிறது இருக்கட்டும். என் ரத்தத்தோட சேர்றதுக்கு அந்த ஆட்டைக் கேட்டியாடி?"

ஒரே ஒரு 'ஆம்'

இரண்டு வாரத்தில் ஏழாம் கேள்விக்கு ஒரே ஒருவர்தான் 'ஆம்' சொன்னார். பொன்மலையில், கொடி காட்டி வண்டி அனுப்புகிற ரயில்வே கார்டாக இருந்து ரிடையரானவர். அவர் மனைவியின் மணிக்கட்டைப் பார்க்கத்தான் போயிருந்தோம். அந்த அம்மாள் 'இல்லை' என்றாள். நாற்காலியில் இருந்தவர் தானாகவே, "எனக்கு உண்டு, எழுதிக்கோங்க" என்றார். எவ்வளவு நேரம் என்றேன். "ஒம்பது மணி வரைக்கும். மழை பெஞ்சா பத்து." முழங்காலை மடக்கச் சொன்னேன். மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிக் காட்டினார். என் முழங்கால் அவ்வளவு நன்றாக மடங்காது. விதி என்றால் விதி. அவருக்கு ரத்தப் பரிசோதனை, அவர் மனைவிக்கு ஒன்றுமில்லை.

சீட்டை எழுதிக்கொண்டே, இது எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "ரிடையரான மறுநாள்லேருந்து. அத்தனை வருஷம் ராத்திரி வண்டி பார்த்தாச்சு. இப்ப என்னை எந்திரின்னு சொல்ல எந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு அதிகாரம் இருக்கு?"

காவலும் கடியும்

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இப்போது ஒரு புதுக் கருத்து வந்துகொண்டிருக்கிறது. கிருமி வந்தால் எதிர்க்க உடம்பு வைத்திருக்கிற சக்தியே ஆள் தெரியாமல் சொந்த மூட்டைத் தாக்குகிறதாம். எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொள்ளவில்லை, எங்கள் டாக்டருக்கு நம்பிக்கை இருந்தது. முசிறியில் வாழை வைத்திருக்கிற ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. நான் காலேஜில் கற்ற எதிர்ப்பொருள் கதையை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதாவது, நான் வளத்த நாயி என்னையே கடிக்குதுங்கறீங்க. அடிச்சுப்போட்டா தோட்டத்துக்குக் காவல் இல்ல. விட்டா கை இல்ல. கடிக்கிற நேரத்துக்கு மட்டும் கட்டிப்போட ஒரு சங்கிலி இருக்கான்னு ஒங்க டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க." டாக்டரிடம் அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பெரியவர் கேட்டதுதாம்மா இன்னிக்கு உலகம் பூரா கேக்கற கேள்வி."

மணப்பாறையில் காலை எட்டு மணி

மணப்பாறையில் கைமுறுக்கு சுற்றுகிற ஒரு அம்மாளிடம் முதல் பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்தேன். பெயர் அஞ்சலை. ஏழாம் கேள்விக்கு வழக்கம்போல, "அடப்போம்மா, சோம்பல் பட்டா நான் சாப்பிடறது எப்படி?" என்றாள். 'இல்லை' எழுதினேன். வந்ததற்கு ஒரு முறுக்காவது தின்றுவிட்டுப் போகலாமே என்று, "சுடச்சுட ஒண்ணு சுத்திக் கொடுங்க" என்றேன். மாவு பிசைந்து தயாராக இருந்தது. அடுப்பும் எரிந்தது. அவள் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப ஆகாது கண்ணு. ஒம்பதுக்கு மேல வா. எனக்கு விடிஞ்சிருச்சு, என் கைக்கு இன்னும் விடியல."

நான் எழுதியதைப் பார்த்தேன். மசி கூடக் காயவில்லை.

டாக்டரோடு வாதம்

திருச்சிக்கு வந்ததும் நேரே டாக்டர் அறைக்குப் போனேன். ஏழாம் கேள்வியை மாற்ற வேண்டும் என்றேன். "பாதியிலே கேள்வியை மாத்தினா ஆராய்ச்சி கெட்டுப்போகும்" என்றார். "கேள்வி தப்பானா ஆராய்ச்சி ஏற்கெனவே கெட்டாச்சு சார்" என்றேன். மொழிபெயர்த்தவர் பெரிய புலவர் என்றார். "புலவர் வீட்டிலே முதல்லே எழுந்திருக்கிறது யாருன்னு கேட்டீங்களா? சோம்பலா இருக்குன்னு ஒத்துக்கிட்டா ஒரு மருமகள் அந்த வீட்டிலே இருக்க முடியுமா? நீங்க நோய் இருக்கான்னு கேட்கச் சொன்னீங்க. நான் போய், நீ உதவாக்கரையான்னு கேட்டுட்டு வந்திருக்கேன்." ராஜாமணி கதையைச் சொன்னேன். பங்குனி முடிய இன்னும் நாலு நாள்தான் பாக்கி என்பதையும் சொன்னேன். அவர் 'இல்லை' என்று எழுதிய படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நெசவு, முறுக்கு, வயல், சமையல். கடைசியில் ஒரே ஒரு 'ஆம்', பொன்மலை கார்டு. அதைத் தனியே எடுத்து வைத்தார்.

பிறகு தன் பேனாவைத் திறந்து, ஏழாம் கேள்வியில் சோம்பல் என்ற சொல்லின்மேல் கோடு போட்டார். "ஒரு வீடு விடாம திரும்பப் போய்க் கேளு. பழைய பதிலை அடிச்சு, பக்கத்திலே கையெழுத்துப் போடணும். உறையூருக்கு இன்னிக்கே போ." நான் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து சேவியர் குரல் கேட்டது: "ஜெயிச்சுட்டீங்க மிஸ், சந்தோஷம். எல்லா வீட்டுக்கும் மறுபடி பஸ் ஏறப் போறது நீங்க மட்டும் இல்ல, நானுந்தான்."

பதில்

அன்று மாலையே உறையூர் போனோம். உள்ளே ஒரு தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. மாமியார் என்னைப் பார்த்ததும், "அதான் ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டுப் போனீங்களே?" என்றாள்.

"எழுதினது தப்பும்மா. என் தப்பு. மறுபடி கேட்க வந்திருக்கேன். காலையில தறிக்கு முதல் தார் எத்தனை மணிக்கு வருது?"

"அந்தக் கொடுமைய ஏன் கேக்குறீங்க? ஒம்பது மணி வரைக்கும் தறி சும்மாவே கெடக்கு."

"ஒம்பதுக்கு மேல?"

"மேல என்ன, வெளக்கு வைக்கிற வரைக்கும் ராட்டை நிக்காது. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

"சோம்பேறியா இருந்தா ஒம்பதுக்கு மேலயும் சோம்பேறியாத்தானே இருக்கணும்? உங்க மருமக மட்டும் தினம் மணி பார்த்து எப்படிங்க திருந்துறா?"

மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தாள். தறிக் குழியில் இருந்த சண்முகம் நாடாவைக் கீழே வைத்தான். "காலையில தண்ணிக் கொடத்தை முழங்கையாலதாங்க தூக்கிட்டு வரும்" என்றான், யாரையும் பார்க்காமல். "வெளையாட்டுக்குப் பண்ணுதுன்னு நெனச்சேன்."

வாத நோயின் தொடக்கம் இப்படித்தான், பகலில் கை நல்ல கை மாதிரியே இருக்கும், இப்போதே மருந்து தொடங்கினால் விரல் கோணாமல் பார்த்துக்கொள்ள முயலலாம் என்று டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். ராஜாமணி பக்கத்தில் உட்கார்ந்து, மணப்பாறை அஞ்சலையின் சொல்லிலேயே கேட்டேன்: "பொழுது விடிஞ்சு எவ்வளவு நேரம் கழிச்சு உங்க கைக்கு விடியுது?"

இத்தனை மாதத்தில் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலை ஒவ்வொன்றாக மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "மூணு மணி நேரங்க. கட்டை விரலுக்கு அதுக்கும் மேல." சேவியர் ரத்தம் எடுத்தார். நான் ஆஸ்பத்திரிச் சீட்டை எழுதி நீட்டினேன். மாமியார் கை நீட்டுவதற்கு முன்னால் சண்முகம் எழுந்து வந்து வாங்கிக்கொண்டான். "எப்ப கூட்டியாரணும்?" என்றான். நாளைக்கே என்றேன். அவன் போய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தான்.

நோயைக் கண்டுபிடிக்க ஊசியும் ஆட்டு ரத்தமும் நுண்ணோக்கியும் வைத்திருக்கிற நாங்கள், நாலு எழுத்துள்ள ஒரு சொல்லில் அதைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராகத் தேடினோம் என்பதுதான் இந்த உத்தியோகத்தின் சாரம்.

விதிப்படி பழைய 'இல்லை'யை அடிக்கப் பேனாவை எடுத்தேன். ராஜாமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புதுசா எளுதுங்கம்மா, வேணாங்கல. சோம்பல் இல்லேன்னு அன்னைக்குச் சொன்னேனே, அதை மட்டும் அடிச்சிராதீங்க. அதுவும் நெசந்தான்."