இரவல் நாற்காலிகள்

அந்துருண்டை வாசம் எங்கே வந்தாலும், காப்பகத்து டீச்சர் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த காலைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அதற்கு முன் நடந்தவை இவை:

1. அம்மாவுக்கு மேலப்பாளையத்தில் ஒரு தையல் கூடத்தில் வேலை கிடைத்தது.
2. தம்பிக்கு இரண்டு வயது ஆகாததால் 'பால்வாடி'யில் சேர்க்க முடியவில்லை.
3. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். பிள்ளையோடு வந்தால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.
4. கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளைச் சாயங்காலம்வரை இலவசமாகப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்று அரசு உதவியில் நடப்பதை, பால்வாடி ஆயாம்மாதான் சொன்னார்.
5. அங்கே ஒரே ஓர் இடம் இருந்தது. வீட்டைப் பார்த்துத்தான் முடிவு என்றார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு 'ஆள் வருது' என்றால் மற்ற வீட்டுச் சாமான்களும் அங்கே வந்துவிடும். பெண் பார்க்க வந்தாலும் சரி, துக்கம் கேட்க வந்தாலும் சரி, அதுதான் வழக்கம். அம்மாவும் வேறு யோசனையில்லாமல், பக்கத்து வீட்டு சபுரா மாமியிடமிருந்து இரண்டு நாற்காலி, மேசை மின்விசிறி, துபாயிலிருந்து வந்த கண்ணாடி டம்ளர்கள், தகரப்பெட்டியை மூடிவைக்க அந்துருண்டை மணக்கும் பூப்போட்ட விரிப்பு எல்லாவற்றையும் வாங்கிவந்து, அந்த ஒற்றை அறையை எனக்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிட்டாள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறியையும் டம்ளரையும் பார்த்தார்.

"வெளிநாட்டுல யாரும் இருக்காவளோ?"

"இல்ல டீச்சர். அவுக லாரிக்குப் போறாவ."

டீச்சர் காப்பியைக் குடித்து முடித்து, பையைத் தோளில் மாட்டினார். "சங்கடப்படாதீங்கம்மா. இருக்கது ஒரு எடம். இதவிட இல்லாத வீடு ரெண்டு பாத்துட்டுத்தான் வாரேன்."

சாமான் நம்முடையது இல்லை என்று சொன்னால் வேலை தங்கும்; ஆனால் வந்தவர் முன்னால் அதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. தம்பியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சபுரா மாமி வாசலில் நின்றார். "ஏளா, உங்க அண்ணன் சாப்பிட வந்துட்டாவ. வேர்க்குன்னு கத்துதாவ. ஃபேன மட்டும் எடுத்துக்கிடுதேன்."

"இது உங்க ஃபேனா?" என்றார் டீச்சர்.

"ஆமா. நீங்க எந்திரிக்காதீங்க டீச்சர், நாற்காலிய பைய எடுத்துக்கிடலாம்."

டீச்சர் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். மாமி தலையாட்டினார். டீச்சர் விரிப்பைத் தொட்டார். மாமி அதற்கும் தலையாட்டினார்.

"அப்பம் இதுல ஒங்களது எது?" என்று டீச்சர் அம்மாவைக் கேட்டார்.

"பிள்ளைய ரெண்டும்தான் டீச்சர்."

மாமிதான் முதலில் சிரித்தார். டீச்சருக்கும் அடக்க முடியவில்லை. "இத மொதல்லயே சொன்னா என்ன?"

"வந்தவுகளத் தரையிலயா உக்கார வைக்க?" என்றாள் அம்மா, கொஞ்சம் கோபமாகவே.

டீச்சர் தம்பியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, "திங்கக்கிழமை கொண்டாந்து விடுங்க. மாத்துத் துணி குடுத்து விடணும்" என்றார். அவர் தெருமுனை தாண்டும்வரை அம்மா வாசலிலேயே நின்றாள். பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை தம்பி அங்கேதான் வளர்ந்தான்; அம்மாவின் வேலை நிலைத்தது, அதில் நான் படித்தேன்.

காப்பகம் மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தக் கட்டடத்தில் இப்போது மருந்துக்கடை. சபுரா மாமி மகனோடு துபாய் போய்விட்டார். அம்மா அதே தையல் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறாள். அங்கே வேலைக்கு வருகிற பெண்களுக்கு என்னென்ன அரசுத் திட்டங்கள் பொருந்தும் என்று இணையத்தில் தேடி, விண்ணப்பித்துக் கொடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. சிலருக்குச் சில உதவிகள் கிடைத்திருக்கின்றன. சாயங்காலம்வரை பிள்ளையை விட்டுவைக்க ஓர் இடம் மட்டும் பக்கத்தில் எங்கும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு அந்தப் பெண்களின் இரண்டு குழந்தைகள், அம்மாவின் மேசைக்குப் பின்னால் துணிக்கட்டுகளுக்கு நடுவே தூங்குகின்றன.